மறதிநோயாளியின் வீட்டுக்குள் போகும் முன்: திருகோணமலையில் ஆய்வுக்கு இறங்கும் புதியவர்களுக்கு

திருகோணமலையில் மறதிநோய் (டிமென்ஷியா) பற்றி ஆய்வு செய்யப் புறப்படும் மாணவரிடம் யாரைச் சந்திக்கப் போகிறீர்கள் என்று கேட்டால், வைத்தியர், தாதி, நோயாளி என்று வரிசையாகச் சொல்வார். அந்த நோயாளியை இரவு இரண்டு மணிக்குக் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய், உடுப்பு மாற்றி, மீண்டும் படுக்கவைத்து, ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டுகிற மருமகள் அந்த வரிசையில் கடைசியில் வருவார். சில வேளை வரவே மாட்டார். இந்தக் கட்டுரை அந்த மருமகளிடம் பேசப் போகிறவர்களுக்கானது. உங்களுடையது பட்டப்படிப்புக்கான ஆய்வாக இருக்கலாம், தாதியப் பயிற்சி ஒப்படையாக இருக்கலாம், ஒரு தொண்டு நிறுவனத்தின் தேவை மதிப்பீடாகவும் இருக்கலாம். எப்படியானாலும் களைத்துப்போன ஒருவருடைய நேரத்தைத்தான் வாங்கப் போகிறீர்கள். அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதை முறையியல் பாடநூல்கள் அரைப் பக்கத்தில் முடித்துவிடுகின்றன. களத்தில் முக்கால் பங்கு வேலை அதுதான்.

போகுமுன் தெரிந்திருக்க வேண்டியவை

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021 இல் உலகில் 5 கோடியே 70 இலட்சம் பேர் மறதிநோயுடன் வாழ்ந்தார்கள். அவர்களில் 60 சதவீதத்துக்கும் அதிகமானோர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் இருக்கிறார்கள். குடும்பத்தவர்கள் இவர்களைப் பராமரிக்கச் சராசரியாக நாளொன்றுக்கு 5 மணித்தியாலம் செலவிடுகிறார்கள். அந்த நேரத்தில் 70 சதவீதம் பெண்களுடையது. இலங்கையில் ராகமப் பகுதியில் நடத்தி 2003 இல் வெளியிட்ட ஆய்வொன்று, 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ 4 சதவீதமானோருக்கு மறதிநோய் இருப்பதாகக் கண்டது. ராகம எண்ணை எடுத்துத் திருகோணமலை முதியோர் தொகையால் பெருக்கி ஆய்வறிக்கையின் முதல் பக்கத்தில் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். போடாதீர்கள். கொழும்பை அண்டிய அரைநகரப் பகுதி ஒன்றில் கிடைத்த விகிதம், போரும் இடப்பெயர்வும் வயதுக் கட்டமைப்பையே மாற்றிவிட்ட ஒரு மாவட்டத்துக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை.

10/66 என்ற பெயரில் ஒரு பன்னாட்டு ஆய்வுக் குழு இருக்கிறது. மறதிநோயாளரில் 66 சதவீதம் வளர்முக நாடுகளில் இருக்க, மக்கள் மத்தியில் நடக்கும் மறதிநோய் ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அந்த நாடுகளில் நடக்கவில்லை என்ற ஏற்றத்தாழ்வே அந்தப் பெயர். இந்தக் குழுவோடு தொடர்புடையவர்கள் கோவாவில் நடத்திய சோதனை ஒன்று 2008 இல் வெளியானது. மருத்துவப் பட்டம் இல்லாத, உள்ளூரில் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் வீடுவீடாகப் போய் நோயை விளக்கினார்கள், தொல்லைதரும் நடத்தைகளைச் சமாளிக்க வழி சொன்னார்கள், பராமரிப்பவரின் பேச்சைக் கேட்டார்கள். பராமரிப்பவர்களின் மனவுளைச்சல் குறைந்தது. பெரிய வைத்தியசாலை இல்லாத ஊர்களில் சமூக மட்ட உளநல ஆதரவு பற்றிப் பேசும்போது முதலில் எடுத்துப் பார்க்கவேண்டிய ஆய்வு இது என்பது என் கருத்து. குடும்பநல உத்தியோகத்தரும் முதியோர் சங்கமும் ஏற்கெனவே கிராமம் கிராமமாக இருக்கும் மாவட்டத்தில், அப்படியொன்றைச் செய்ய முடியுமா என்ற கேள்வி கற்பனைக் கேள்வி அல்ல.

நோயைப் பற்றிக் கொஞ்சமாவது படித்துவிட்டுப் போங்கள். மறதிநோயில் 60 முதல் 70 சதவீதம் அல்சைமர் வகை. பக்கவாதத்தோடும் இரத்தக்குழாய் அடைப்போடும் சேர்ந்து வரும் வகை வேறு. தைரொயிட் குறைபாடு, பி12 உயிர்ச்சத்துக் குறைபாடு, கடும் மனச்சோர்வு ஆகியவையும் மறதிநோய் போலவே தோன்றும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று: நேற்றுவரை ஓரளவு பேசிக்கொண்டிருந்தவர் இன்று திடீரென்று ஆளை அடையாளம் தெரியாமல் பிதற்றுகிறார் என்றால் அது நோய் முற்றிவிட்டதற்கான அறிகுறி என்று நினைக்கவேண்டாம். சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு, மருந்து மாற்றம் எதுவாகவும் இருக்கலாம். வைகாசி, ஆனி வெயிலில் தண்ணீர் குடிக்க மறந்துபோகும் முதியவருக்கு இது எளிதாக வரும். அப்படி ஒரு வீட்டுக்குள் போய்விட்டால் நேர்காணலை நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

அனுமதி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அங்கீகாரம். அது கையில் வந்த பிறகு, வைத்தியசாலை அல்லது கிளினிக் வழியாக ஆட்களைத் தேடுவதாக இருந்தால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் அனுமதியும் அந்த வைத்தியசாலைப் பொறுப்பதிகாரியின் அனுமதியும். கிராமத்துக்குள் போவதற்குப் பிரதேச செயலகத்தில் கடிதம் கொடுத்து, கிராம உத்தியோகத்தரைச் சந்தித்துச் சொல்லிவிட்டுப் போவது நல்லது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் பையும் பதிவுக்கருவியுமாக வீடு வீடாக ஏறி இறங்கினால், மாலைக்குள் ஊர் முழுக்க விசாரிக்கும். விசாரணைக்கு ஆளாவது நீங்கள் அல்ல, உங்களை உள்ளே விட்ட வீட்டுக்காரர்.

ஆனால் கிராம உத்தியோகத்தரைக் கையோடு வீட்டுக்குள் அழைத்துப் போகாதீர்கள். அஸ்வெசும கொடுப்பனவிலிருந்து முதியோர் கொடுப்பனவுவரை அவர் கையொப்பம் தேவைப்படும் குடும்பம், அவர் முன்னால் எதையும் மறுக்காது. மறுக்க முடியாதவர் தரும் சம்மதம் சம்மதமாகாது.

வீடுகளைக் கண்டுபிடித்தல்

மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவு தொடங்குமிடம். கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளிலும் விசாரியுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு வந்த 2005 ஆம் ஆண்டின் தேசிய உளநலக் கொள்கை, உளநல சேவையைப் பெரிய மனநல வைத்தியசாலைகளிலிருந்து மாவட்டங்களுக்கும் சமூகத்துக்கும் கொண்டுவரவேண்டும் என்று சொன்னது. இன்று உளநலத்துக்குப் பொறுப்பான வைத்திய அதிகாரிகளும் வெளிக்கள கிளினிக்குகளும் இருப்பது அதன் தொடர்ச்சி.

ஆனால் கிளினிக் பட்டியலில் இருப்பவர்கள் கிளினிக்குக்கு வந்தவர்கள் மட்டுமே. ஓட்டோவுக்குக் காசு இருந்தவர்கள், கூட்டிக்கொண்டுவர ஒரு மகன் ஊரில் இருந்தவர்கள், இது நோய் என்று யாரோ ஒருவர் சொல்லக் கேட்டவர்கள். மற்ற வீடுகளில் அப்பாவுக்கு அறளை பெயர்ந்துவிட்டது என்றோ, வயது போனால் அப்படித்தான் என்றோ சொல்லிவிட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனவே நோயின் பெயரைச் சொல்லித் தேடாதீர்கள். ‘சாப்பிட்டதை மறந்து திரும்பச் சோறு கேட்கிற, வீட்டுக்குள் இருந்துகொண்டே வீட்டுக்குப் போகவேண்டும் என்று சொல்கிற, பிள்ளைகளின் பெயரை மாற்றிக் கூப்பிடுகிற பெரியவர் உங்கள் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?’ என்று குடும்பநல உத்தியோகத்தரிடமும், முதியோர் சங்கத் தலைவரிடமும், கோயில் ஐயரிடமும், பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடமும் கேளுங்கள். பெயர்களை அவர்கள் உங்களிடம் தரக்கூடாது. உங்கள் தொலைபேசி இலக்கம் உள்ள துண்டை அந்தக் குடும்பத்திடம் அவர்கள் கொடுக்கட்டும். விருப்பமிருந்தால் அழைப்பார்கள். இப்படிச் செய்தால் ஆட்கள் சேரத் தாமதமாகும், மேற்பார்வையாளர் முகம் சுளிப்பார். தாமதமாகட்டும்.

யாரும் நினைத்துப் பார்க்காத ஓரிடம் மருந்துக்கடை. பெரியவர்களுக்கான பம்பர்ஸ் விற்கும் கடையின் கல்லாவில் துண்டுப் பிரசுரம் ஒன்றை வைத்துவிட்டு வந்தால், கிளினிக்குக்கு ஒருநாளும் வராத வீடுகளிலிருந்து அழைப்பு வரும்.

மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் மூவருமே கணிசமாக வாழ்கிறார்கள். உவர்மலையிலும் உப்புவெளியிலும் மட்டும் பேசிவிட்டுத் ‘திருகோணமலைப் பராமரிப்பாளர்களின் அனுபவம்’ என்று தலைப்பிட்டால் அது பொய். சிங்களம் தெரியாவிட்டால் மொரவெவவுக்கோ கோமரங்கடவலவுக்கோ அரைகுறையாகப் போவதைவிட, தலைப்பிலேயே ‘தமிழ் பேசும் பராமரிப்பாளர்கள்’ என்று எல்லை கட்டிவிடுவது நேர்மை.

எப்போது போவது

வீட்டுக்குத் தக்கபடிதான். ஆனாலும் சில பொதுவானவை. மறதிநோயாளர் பலருக்குப் பொழுது சாயும் நேரத்தில் குழப்பமும் பதற்றமும் கூடும். உங்களுக்கு வசதியான மாலை நான்கு மணி, அவர்களுக்கு நாளின் மிகமோசமான பகுதியின் தொடக்கம். காலையில் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து முடிந்து, மதியச் சமையல் பாதி ஆனபின் கொஞ்சம் மூச்சு விடுவார்கள். அல்லது பெரியவர் மதியம் கண்ணயரும் நேரம். முஸ்லிம் வீடுகளுக்கு வெள்ளிக்கிழமை முற்பகல் வேண்டாம். நோன்பு மாதத்தில் கேட்டுவிட்டு மட்டும் போங்கள். கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை வெருகல் பக்கம் வீதிகளை மூடிவிடும், களவேலையை அந்த மாதங்களில் வைத்துத் திட்டமிடாதீர்கள். சேருவில, கந்தளாய்ப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. இருட்டுமுன் திரும்பும்படி புறப்படுங்கள். அங்குள்ள பராமரிப்பாளர்கள் யானையைப் பற்றி உங்களுக்குச் சொல்வார்கள்: பெரியவர் இரவில் எழும்பி வெளியே நடந்துவிட்டால் கிணறும் குளமும் போதாதென்று யானையையும் நினைத்துப் பயப்படவேண்டும். அந்தப் பயம் எந்த அளவுகோலிலும் ஒரு கேள்வியாக இல்லை.

இருவராகப் போங்கள். இது ஆலோசனை அல்ல, கட்டாயம். ஒருவர் பெரியவரோடு உட்கார்ந்து பழைய கதை பேசட்டும், வெற்றிலை மடித்துக் கொடுக்கட்டும், பத்திரிகைப் படங்களைக் காட்டட்டும். மற்றவர் பராமரிப்பவரோடு குசினியிலோ கிணற்றடியிலோ இருந்து பேசட்டும். இல்லாவிட்டால் ஒன்று, ஐந்து நிமிடத்துக்கொரு முறை பேச்சு அறுந்துபோகும். இல்லையேல் பெரியவரை வைத்துக்கொண்டே அவர் சிறுநீர் கழிப்பதைப் பற்றிப் பேசவேண்டிவரும். பெயர் மறந்தவருக்கு அவமானம் மறப்பதில்லை.

பிஸ்கட் பைக்கற்றோடு போகும் நம் வழக்கத்தையும் ஒரு கணம் யோசியுங்கள். பல வீடுகளில் பெரியவருக்கு நீரிழிவு இருக்கும். நீங்கள் கொண்டுபோனதை அவர் பார்த்துவிட்டால், அன்று முழுக்க அதை ஒளித்துவைக்கும் வேலையும் மருமகளுக்குத்தான்.

கையெழுத்து

ஒப்புதல் படிவத்தை நீட்டினால் பேனாவை வாங்கும் கை தயங்கும். இந்த மாவட்டத்து மக்கள் நிறையக் கையெழுத்துப் போட்டவர்கள். சோதனைச்சாவடிப் பதிவு, முகாம் பதிவு, நிவாரணப் பதிவு, சுனாமிக்குப் பிறகு வந்த ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கெடுப்பு. எத்தனையோ பேர் எழுதிக்கொண்டு போனார்கள் என்று ஒரு மூத்தவர் சொல்வதைக் கேட்காமல் நீங்கள் களவேலையை முடிக்க மாட்டீர்கள். அதில் கோபத்தைவிடச் சலிப்பே அதிகம்.

எனவே நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்கும்போதே வாய்மொழிச் சம்மதத்துக்கும் இடம் கேளுங்கள். படிவத்தை வாசித்துக் காட்டி, சம்மதம் என்று சொல்வதை ஒலிப்பதிவு செய்யலாம், அல்லது சாட்சி ஒருவர் முன்னால் பெறலாம். ஒலிப்பதிவே வேண்டாம் என்றால் குறிப்பெடுங்கள். யார் பணம் தருகிறார்கள், எங்கே இந்தக் குரல் போகும், யார் கேட்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்ற நான்குக்கும் ஒவ்வொரு வரியில் பதில் சொல்லத் தெரிந்திருக்கவேண்டும். இதனால் உங்களுக்கு வீடோ கொடுப்பனவோ மருந்தோ கிடைக்காது என்பதை முதலிலேயே, தெளிவாகச் சொல்லுங்கள். சொன்ன பிறகும் சிலர் எதிர்பார்ப்பார்கள். இரண்டாம் முறையும் சொல்லுங்கள்.

பெரியவரின் சம்மதமும் உண்டு. அவரால் படிவத்தை விளங்கிக்கொள்ள முடியாமல் இருக்கலாம். உங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டால், எழுந்து போகச் சொன்னால், அது விளங்கும்படியான பதில். எழுந்து வாருங்கள்.

கேட்பது

பராமரிப்பவரின் சுமையை அளக்க உலகெங்கும் பயன்படுவது சாரிட் அளவுகோல். 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி, உச்சம் 88. அதை யாரும் எடுத்துப் பயன்படுத்திவிட முடியாது, உரிமம் பெறவேண்டும். தமிழ்நாட்டுத் தமிழில் இருக்கும் படிவம் ஒன்று கையில் கிடைத்தாலும், இங்குள்ள சிலரிடம் முதலில் வாசித்துக் காட்டி எங்கே புருவம் சுருங்குகிறது என்று பாருங்கள்.

அளவுகோலோடு எனக்குள்ள பிணக்கு வேறு. பெற்ற தாய் உங்களுக்குச் சுமையா என்ற தொனியில் எதைக் கேட்டாலும், பூஜ்ஜியத்தைத்தான் சொல்வார்கள். ‘அம்மா எப்படிச் சுமையாவார், பிள்ளை?’ என்பார்கள். மாமியாரைப் பற்றி மருமகளிடம் கேட்டால், பக்கத்து அறையில் கணவர் இருக்கும்வரை அதே பூஜ்ஜியம். அந்தப் பூஜ்ஜியங்களைக் கூட்டிப் ‘பராமரிப்பாளர்களின் சுமை குறைவு’ என்று அட்டவணை போட்டவர்கள் உண்டு. அளவுகோல் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைக் கடைசியில் எடுங்கள், பேசிப் பழகிய பிறகு.

தொடங்கவேண்டியது நேற்றிலிருந்து. ‘நேற்றிரவு எத்தனை மணிக்கு எழும்பினீர்கள்?’ என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்வதில் யாருக்கும் வெட்கமில்லை. எத்தனை மணிக்கு, ஏன், பிறகு தூக்கம் வந்ததா, விடிந்ததும் என்ன செய்தீர்கள், நீங்கள் எப்போது சாப்பிட்டீர்கள், உட்கார்ந்தா நின்றபடியா, கடைசியாக ஒரு கலியாண வீட்டுக்குப் போனது எப்போது, அன்றைக்கு யார் பார்த்துக்கொண்டார்கள். இந்தச் சங்கிலியில் தூக்கமின்மை வரும், தனிமை வரும், பணம் வரும். கனடாவிலோ சவூதியிலோ இருக்கும் சகோதரன் காசு அனுப்புவதும், அந்தக் காசோடு தொலைபேசியில் ஆலோசனையும் அனுப்புவதும் வரும். அம்மா ஏன் மெலிந்துபோனார் என்று வீடியோ அழைப்பில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு அவர் தூங்கிவிடுவார். அந்தக் கேள்வியோடு இரவு முழுக்க விழித்திருப்பது இங்கே இருப்பவர்.

அவர் அழுதால் ஒலிப்பதிவை நிறுத்துங்கள், தண்ணீர் கொடுங்கள், பேசாமல் இருங்கள். தொடரலாமா என்று கேட்காதீர்கள். நிறுத்திவிடுவோமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் நம்மவர்கள் ஆம் என்றுதான் சொல்வார்கள். எந்த ஆம் அவருக்கு நல்லது என்று யோசித்துக் கேள்வியை அமைக்கவேண்டும்.

படலைக்குப் பூட்டுப் போட்டிருப்பதைக் கண்டு முகம் மாறாதீர்கள். வீதிக்கு இறங்கிவிடுவார் என்ற பயத்தில் போட்டது. அந்தப் பூட்டு இல்லாமல் இருக்க என்ன வேண்டியிருக்கும் என்று கேளுங்கள். உங்கள் ஆய்வின் பரிந்துரைப் பகுதிக்கு அந்தப் பதிலைவிடப் பெறுமதியான எதுவும் கிடைக்காது. உடலில் காயமோ கட்டிவைத்த தடமோ கண்டால் அது வேறு விடயம். அன்றைக்கே மேற்பார்வையாளருக்குச் சொல்லவேண்டும். அப்படிச் சொல்வீர்கள் என்பதைச் சம்மதம் பெறும்போதே அந்தக் குடும்பத்துக்குச் சொல்லியிருக்கவும் வேண்டும்.

பழைய ஆண்டுகள் திரும்பிவரும் வீடுகள்

மறதிநோய் அண்மைய நினைவைத்தான் முதலில் தின்னும். பழையவை பிந்தித்தான் போகும். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்பட்டது. ஆனால் கிண்ணியாவில் ஒரு மூத்தவர் இன்னும் துறையடிக்குப் போய்ப் பாதைக்கு, அதாவது அக்கரைக்குக் கொண்டுபோகும் மிதவைப் படகுக்கு, காத்திருக்கவேண்டும் என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார். பாதை போய்விட்டது, நாளைக்குப் போகலாம் வாப்பா என்று மகள் சொன்னால் அடங்கிவிடுவார். இது பரவாயில்லை.

பழைய ஆண்டு என்பது கலவரமும் போரும் ஆட்களைத் துரத்திய 1983 ஆகவோ 1990 ஆகவோ 2006 ஆகவோ இருந்தால்தான் கடினம். மூதூர்ப் பக்கத்து வீடு ஒன்றில் இருள் விழும்போது அம்மா ஒரு பொலித்தீன் பையை எடுப்பார். அதில் அடையாள அட்டை, குடும்ப அட்டை, ஒரு சேலை, காலையில் ஒளித்துவைத்த பாண் துண்டு. பையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து, சனம் போகிறதா என்று வீதியைப் பார்ப்பார். சுருட்டிய கைக்குட்டைக்குள் அடையாள அட்டை இருக்கிறதா என்று திரும்பத் திரும்பத் தடவிப் பார்ப்பார். அவர் தூங்கிய பிறகு மகள் பையிலிருந்து பாணை மட்டும் எடுத்து எறிவார், எறும்பு வரும் என்பதால். மற்றவற்றை அப்படியே வைத்துவிடுவார். காலையில் தேடினால் இருக்கவேண்டுமே.

இதை ‘மாலைநேரக் குழப்பம்’ என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். போனால், அந்த மகளும் 2006 இல் அதே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியவர் என்பது உங்கள் தரவில் வராது. அம்மாவின் நோய் மகளின் பழைய பயத்தையும் ஒவ்வொரு மாலையும் எழுப்பிவிடுகிறது. இருவருக்கும் சேர்த்து உளநல ஆதரவு என்ன என்பதே இந்த மாவட்டத்தில் கேட்கவேண்டிய கேள்வி. சம்பூரில் 2006 இல் வீட்டை விட்டுப் போய், 2015 க்குப் பிறகே காணிக்குத் திரும்பியவர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. வீட்டுக்குப் போகவேண்டும் என்று பெரியவர் சொல்லும்போது எந்த வீடு என்று பிள்ளைகளுக்கே தெரிவதில்லை.

அடுத்தது காணாமல் போனவர்கள். அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர் போலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமல் போன படையினரின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தபோது, முடிவு தெரியாத இழப்பு என்ற கருத்தை உருவாக்கினார். ஆள் இல்லை, ஆனால் மனதிலிருந்து போகவில்லை. செத்தவீடும் இல்லை, துக்கம் முடிவதும் இல்லை. பிற்பாடு அவரே அதன் மறுபக்கத்தை மறதிநோயாளரின் குடும்பங்களில் கண்டார்: ஆள் கண்முன்னால் இருக்கிறார், ஆனால் அந்த ஆள் இல்லை. உலகின் பல இடங்களில் இவை இரண்டும் வெவ்வேறு குடும்பங்களின் கதை. திருகோணமலையில் ஒரே கூரையின் கீழ் இரண்டும் இருக்கும். காணாமல் போன மகன் எப்போது வருவான் என்று தாய் ஒரு நாளில் பல தடவை கேட்பார். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை போலக் கேட்பார். பதில் சொல்லவேண்டியவர் அந்த மகனின் மனைவியாகவோ தங்கையாகவோ இருப்பார், தனக்கும் அந்தப் பதில் தெரியாதவராக.

வீடுகள் இதற்கு வெவ்வேறு பதில் வைத்திருக்கின்றன. வேலைக்குப் போயிருக்கிறான் என்பார்கள். கட்டாருக்குப் போயிருக்கிறான் என்பார்கள். சாப்பிடுங்கள் அம்மா, வருவான் என்பார்கள். அது பொய்தானே என்று உங்கள் முகம்கூடச் சொல்லக்கூடாது. மறதிநோய்ப் பராமரிப்பில் உண்மையைச் சொல்லித் திருத்துவதைவிட உணர்வைப் பிடித்து ஆற்றுவதே பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் அப்படி ஆற்றும் ஒவ்வொரு வாக்கியமும் சொல்பவருக்கு என்ன விலை என்று நாம் கேட்டதில்லை. காணாமல் போனவர் பற்றிய பேச்சை நீங்களாகக் கிளறாதீர்கள். குடும்பத்தில் யாராவது காணாமல் போயிருக்கிறார்களா என்று படிவத்தில் ஒரு பெட்டி போட்டுக் கேட்பது கொடுமை. அவராகச் சொன்னால், நேரம் கொடுங்கள். அன்று மற்றக் கேள்விகளை மூடிவைத்துவிடுங்கள்.

உதவி கேட்டால்

கேட்பார்கள். நீங்கள் உளவளத்துணையாளர் அல்ல, அப்படி நடிக்கவும் கூடாது. ஆனால் கையில் ஒரு தாள் இருக்கவேண்டும், தமிழில், பெரிய எழுத்தில். அந்தப் பகுதி உளநல கிளினிக் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த வாசலால் போகவேண்டும் என்பதை முன்கூட்டியே நேரில் போய் விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். இணையத்தில் இருப்பதை நம்பாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் நாள் முழுக்க இயங்குகிறது. முதியோர் கொடுப்பனவு, சக்கர நாற்காலி போன்றவற்றுக்குப் பிரதேச செயலகத்தில் சமூகசேவை உத்தியோகத்தரும் முதியோர் உரிமைகள் மேம்படுத்தல் உத்தியோகத்தரும் இருப்பார்கள். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இந்த ஏற்பாடுகளுக்கு அடிப்படை. கொழும்பில் லங்கா அல்சைமர் மன்றம் இருக்கிறது. தூரம்தான், ஆனால் தொலைபேசியில் ஆலோசனை கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் பராமரிப்பவர்களுக்கென்றே உருவாக்கிய ஐசப்போர்ட் பயிற்சிக் கையேட்டை முழுதாக வாசித்துவிட்டுப் போங்கள். அதில் உள்ள தூக்கம், குளிப்பாட்டல், சாப்பாடு பற்றிய பகுதிகளை இரண்டு வார்த்தையில் சொல்லத் தெரிந்திருந்தால் உதவும்.

‘கடலில் போய் விழுந்துவிடலாம் போல இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால், பேச்சுக்குச் சொல்கிறார் என்று கடந்துபோகவேண்டாம். சாகவேண்டும் என்று நினைக்கிறீர்களா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை; சொல்ல ஒரு வாசல் திறக்கிறது. ஆம் என்றால் அவரைத் தனியே விட்டு வராதீர்கள். அவர் நம்பும் ஒருவரை அழையுங்கள், உளநலப் பிரிவோடு அன்றைக்கே தொடர்பு ஏற்படுத்துங்கள், மேற்பார்வையாளருக்குச் சொல்லுங்கள். இதற்கான ஒழுங்கைக் களத்துக்குப் போகுமுன்பே எழுதி வைத்திருக்கவேண்டும்.

நீங்களும் ஒரே நாளில் இரண்டு வீட்டுக்கு மேல் போகாதீர்கள். பஸ்ஸில் திரும்பும்போது கூட வந்தவரோடு பேசுங்கள், ஆனால் பெயர் சொல்லாமல். நிலாவெளி பஸ்ஸில் பின் இருக்கையில் இருப்பவர் அந்த வீட்டுக்கு மைத்துனராக இருப்பார்.

எழுத்தில் கொண்டுவருதல்

ஒரு மணித்தியாலப் பேச்சை எழுதியெடுக்க ஒரு முழுநாள் போகும். சொன்னபடியே எழுதுங்கள், ஏட்டுத் தமிழாக்காதீர்கள். ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுப் பகுப்பாய்வைத் தொடங்கும் பழக்கம் பல்கலைக்கழகங்களில் உண்டு. ஆய்வறிக்கை ஆங்கிலத்தில் போகவேண்டியிருந்தாலும், குறியீடு இடுவதும் கருப்பொருள் பிரிப்பதும் தமிழிலேயே நடக்கட்டும். மேற்கோளாகப் போகும் வரிகளை மட்டும் கடைசியில் மொழிபெயருங்கள். கருப்பொருள் பகுப்பாய்வுக்குப் பிரவுணும் கிளார்க்கும் 2006 இல் வகுத்த ஆறு படிகள் எல்லோருக்கும் பாடம். அவற்றில் முதலாவது, தரவைத் திரும்பத் திரும்ப வாசித்தல். அதைத்தான் எல்லோரும் தாவுகிறார்கள்.

பெயரை மாற்றினால் அடையாளம் மறைந்துவிடும் என்று நம்பாதீர்கள். சாம்பல்தீவில் ஓய்வுபெற்ற தபாலதிபர், இரண்டு மகள், ஒருவர் ஆசிரியை, ஒருவர் லண்டனில் என்று எழுதினால், பெயர் எதற்கு? தொழிலை மாற்றுங்கள், பிள்ளைகளின் எண்ணிக்கையை விடுங்கள், ஊரைப் பிரதேசமாக்குங்கள். அந்தக் குடும்பத்துச் சம்பந்தி ஒருவர் உங்கள் அறிக்கையை வாசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு மேற்கோளையும் பாருங்கள்.

முடிந்த பிறகு

கண்டதை ஒரு பக்கத் தமிழில் எழுதி, பேசியவர்களிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். உளநலப் பிரிவுக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் முதியோர் சங்கத்துக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். நீங்கள் திரும்பிப் போகும்போது சில வீடுகளில் பெரியவர் இறந்திருப்பார். முன்கூட்டியே தொலைபேசியில் விசாரித்துவிட்டுப் போங்கள். முப்பத்தோராம் நாளோ நாற்பதாம் நாள் கத்தமோ முடியுமுன் ஆய்வுத் தாளோடு வாசலில் நிற்கவேண்டாம். துக்கம் விசாரிக்க மட்டும் போவதானால் தாளை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். பராமரிப்பு முடிந்தபின் அந்தப் பெண்களின் நாள் எப்படிக் கழிகிறது என்பது தனி ஆய்வுக்குரியது, அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

ஒலிப்பதிவுகளை அழிப்பதாக எழுதிக் கொடுத்த திகதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அன்றைக்குக் கணினியில் இருப்பதோடு, கையடக்கத் தொலைபேசி தானாக இணையச் சேமிப்பில் ஏற்றிவைத்த பிரதியையும், எழுதியெடுக்க நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய துண்டுகளையும் தேடி அழியுங்கள். நண்பரின் தொலைபேசியில் இருப்பதையும் சேர்த்து.